ஒப்படைப்புக் குறிப்பு

ஜெஸீமா,
மூன்று கிழமை நான் இல்லை, கண்டியில் பயிற்சி.
குவாட்டர்ஸ் பின்படியில்
தயிர்ச்சட்டிக்குள் இருப்பவரை
உன்னிடம் தந்துவிட்டுப் போகிறேன்.

பெயர் இத்தி.
வயது தெரியாது. நான் கண்டு நாலு வருசம்.
உயரம் ஒரு முழத்துக்கு மூன்று விரல் குறைவு.
களுவாஞ்சிக்குடிக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில்
சத்திரசிகிச்சைக் கூடத்துப் பின்சுவர் வெடிப்பில் நின்றது.
நல்லரெத்தினம் அண்ணன் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்த காலை
ஐந்து நிமிசம் கேட்டு வாங்கினேன்.
வேரில் பாதி சுவருக்குள்ளேயே போயிற்று.

இதற்கு முன்னால் ஒருத்தி இருந்தாள்.
புளி.
டிவிக்குப் பக்கத்தில் வைத்து
கடமைக்குப் போகும்போதும் ஊற்றி
வந்த கையோடும் ஊற்றிக்
கொன்றேன்.
முதல்நாள் அந்தியில் இலை கூம்பியதும்
மயக்கம் என்று நினைத்தவள் நான்.
நித்திரைக்கு வருத்தம் என்று பேர் வைத்துத்
தண்ணீரைக் கூட்டினேன்.

ஆகவே
மணிக்கூட்டைப் பார்த்து ஊற்றாதே.
விரலை விடு, முதல் கணு மட்டும்.
ஈரம் பட்டால் கதவைச் சாத்திக்கொண்டு போ.
காய்ந்திருந்தால்
அடித்துளை மூன்றாலும் ஒழுகும்வரை ஊற்று.
இப்போது கச்சான்.
காலையில் குடித்ததைப் பதினொரு மணிக்கே
அந்தக் காற்று பிடுங்கிவிடும், இரண்டு தரம் பார்.
மாரியென்றால் ஓட்டுத்துண்டு கொடுத்துச்
சட்டியைச் சரிக்கச் சொல்லியிருப்பேன்.

உள்ளே எடுக்காதே.
பாவம் பார்த்தும் எடுக்காதே. வெயில் தின்கிற சாதி.

மண் என்று அதில் மண் குறைவு.
குருமண்வெளித் துறையடியில் கொட்டிக்கிடந்த
செங்கல் உடைசலை அரித்துக் கழுவினது,
கரி, ஒரு பிடி எரு.
நீர் நின்றால் வேர் அழுகும்.
படுக்கைப்புண் எப்படித் தொடங்கும் என்று
உனக்கு நான் சொல்லவேண்டாம்.

வலப்பக்கக் கிளையில் செம்புக் கம்பி,
வார்டு விசிறி எரிந்தபோது உள்ளிருந்து எடுத்து முறுக்கினது.
கீழ்க்கிளையைத் தடவிப் பார்.
அந்தத் தழும்பு என்னுடையது.
பிளாஸ்டர் போட்ட காலுக்கு
மணிக்கொரு தரம் விரல்நுனியை அமத்தி
வெளிறியது சிவக்கிறதா என்று பார்க்கிற நான்
ஐந்து மாதம் அந்தக் கம்பியை மறந்தேன்.
மரம் பெல் அடிக்காது.
தடித்துத் தடித்துக் கம்பியை விழுங்கிக்கொண்டே
பச்சையாய் நிற்கும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் பார்.
தோல் மேடு கட்டத் தொடங்கினால்
சுருளைப் பிரிக்காதே, துண்டு துண்டாய் வெட்டி எடு.
குறடு அலமாரிக்குள்.
கை தவறிக் கொப்பு காயப்பட்டால் பால் வரும்,
பஞ்சால் ஒற்றிவிடு.

இன்னொன்று, குறிப்பேட்டில் எழுத முடியாதது.
பதினோராம் கட்டில் விதுர்சன்,
வெல்லாவெளிப் பெடியன்,
அறுவடை மெசினுக்கு வலக்கால் கொடுத்தவன்.
சக்கர நாற்காலியில் வெயிலுக்கு வந்த நாள்
நான் வேர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இதை வளரவே விடமாட்டீங்களா, மிஸ்?"
சுவரில் விட்டிருந்தால் மண்ணெண்ணெய்,
நிலத்தில் விட்டிருந்தால் அத்திவாரம்.
எல்லாம் சரியான பதில்தான்,
ஒன்றும் அவனிடம் சொல்லத்தக்கது இல்லை.
வெட்டின கொப்பொன்றைக் கேட்டு வாங்கி
அரிந்த சேலைன் போத்தலில் நட்டுக்கொண்டு போனான்.
போன மாதம் கிளினிக்குக்கு வந்தவன் சொன்னான்,
கிணற்றடியில் வைத்திட்டானாம், நிலத்தில்.
"எவ்வளவுக்குப் போகுதோ போகட்டும். நான் வெட்டமாட்டன்."
கிணற்றுக் கட்டு வெடிக்கும் என்று வாயெடுத்து
செயற்கைக்கால் அளவெடுப்புக்கு
நாள் குறித்துக் கொடுத்தேன்.

ஜெஸீமா,
ஒன்றிரண்டு இலை பழுத்து விழும்.
எண்ணி வைக்காதே.
இரவு நான் போன் எடுத்துக் கேட்டால்
நல்லா இருக்கு என்று மட்டும் சொல்.
பிறகு படியில் இறங்கி
விரலை விட்டுப் பார்த்து
அது என்ன சொல்கிறதோ அதைச் செய்.